பதினேழாம் விதியும் ஒரு நன்றிக் கடிதமும்

அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் எப்படியோ கண்டுபிடித்துவிட்டு, முதலெழுத்துக்குப் பக்கத்தில் புள்ளி விடுபட்டிருக்கிறது என்று ஒரு மெசேஜ் அனுப்புவார். ஒன்பது வருடம் அவரோடு ஒரே அறையில் இருந்து வேலை செய்தேன். என் தலையில் நரைத்ததில் பாதி அவரால்தான் என்பது கிருலப்பனையில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அலுவலகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலேயே பலருக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியாது. பதினொரு நாடுகள் சேர்ந்து, அந்தந்த ஊர்ச் சிறுதொழில்களை வளர்க்கவென்று ஏற்படுத்திய அமைப்பு. நாடுகளின் அமைச்சர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்கள், வரிசையாக நின்று படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். அவர்களுக்குக் கீழே ஆட்சிக்குழு: நாட்டுக்கு ஓர் அதிகாரி, வருடத்துக்கு ஒரு கூட்டம். அதற்கும் கீழே, எல்லா வேலையையும் செய்துகொண்டு எந்த முடிவையும் எடுக்க உரிமையில்லாத செயலகம் என்று நாங்கள். எங்களை மேய்க்கப் பணிப்பாளர் நாயகம் ஒருவர். அவரும் நாடுகளின் அகரவரிசைப்படி மூன்று வருடத்துக்கு ஒருவராக வந்து போவார். இந்த அமைப்பை உண்மையில் நடத்துவது யார் என்று யாராவது கேட்டால், என் மேசைக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டுவேன். அங்கே அவர் பென்சிலோடு இருப்பார்.

அவர் கூட்டங்களுக்குப் பொறுப்பான அதிகாரி. அழைப்பு அனுப்புவது, மினிட்ஸ் எழுதுவது, நடைமுறை விதிப் புத்தகத்தை வைத்திருப்பது, இவ்வளவுதான் வேலை. ஆனால் விதிப் புத்தகத்தை அவர் வைத்திருந்தாரா, அது அவரை வைத்திருந்ததா என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. இளைப்பாறும் வயதுக்குக் கிட்ட நின்றார். பருத்தித்துறைப் பக்கம், கனகாலமாய் வெள்ளவத்தை. வெளிர்நிறப் பருத்திச் சேலை, கைப்பையில் ஓர் அடிமட்டம். அந்த அடிமட்டத்தால் கூட்ட மேசையில் கொடிகளுக்கு இடையிலான தூரத்தை அளப்பார். இரண்டு நாட்டுக் கொடிகளுக்கு நடுவில் அரை அங்குலம் கூடிவிட்டதென்று, வந்திருந்த அதிகாரிகளை வாசலில் நிறுத்திவைத்துக் கொடியை நகர்த்தியதை என் கண்ணால் கண்டேன். தேநீர்கூட அகரவரிசைப்படிதான் போகும். கடைசி நாட்டுக்காரர் எப்போதும் ஆறிய தேநீரே குடித்தார். அவர் பாவம், ஒருநாளும் முறையிடவில்லை.

எந்தக் காகிதம் கண்ணில் பட்டாலும் பென்சில் எடுப்பார். கோயில் திருவிழா நோட்டீஸ், சைவக்கடை பில், தண்ணீர் வெட்டு அறிவித்தல், ஒன்றும் தப்பாது. என் தங்கச்சியின் கல்யாணக் கார்டை ஆசையாக நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் வாழ்த்தவில்லை, ஒரு வட்டம் போட்டார்.

"முகூர்த்தம் முடியிற நேரம் இருக்கு. தொடங்கிற நேரம் எங்க?"

"கார்ட் அடிச்சாச்சுது அக்கா."

"அப்ப கையால எழுதிவிடும். சனம் எத்தினை மணிக்கெண்டு வாறது?"

முந்நூறு கார்டிலும் நானும் தங்கச்சியும் இருந்து கையால் எழுதினோம். அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். பிழையாகச் சொல்லியிருந்தால் இரண்டு ஏச்சு ஏசிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவருடைய தொடர்மாடியிலும் இதே கூத்துத்தான். என் சித்தி அங்கே நான்காம் மாடியில் இருந்ததால் எனக்கு எல்லாம் தெரியும். ஒருமுறை தண்ணீர் மோட்டர் எரிந்துபோனது. புதிது வாங்கக் குடியிருப்பாளர் சங்கம் கூடித் தீர்மானிக்க வேண்டும். பத்து வீட்டுக்காரர் இருந்தால்தான் கூட்டம் செல்லும்; வந்தது ஒன்பது பேர். சங்கத்தின் செயலாளர் யார்? இவர்தான். கோரம் இல்லை, கூட்டம் தொடங்க முடியாது என்று புத்தகத்தை மூடிவிட்டார். ஒன்பது பேரும் வெறும் வாளிகளோடு நின்று கத்தினார்கள். இவர் அசையவில்லை. கடைசியில் காய்ச்சலோடு படுத்திருந்த ஒருவரைப் போர்வையோடு கதிரையில் இருத்தி லிப்டில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த மனிசர் கையை உயர்த்திவிட்டு மேலே போய் மறுபடி படுத்துக்கொண்டார். இவரும் இரண்டு நாள் குளிக்காமல்தான் இருந்தார் என்று சித்தி சொன்னாள். தன்னையும் சேர்த்து வருத்துகிற ஆளோடு யார்தான் சண்டை பிடிக்க முடியும்?

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போகலாம், செல்வியின் விஷயம் இல்லாவிட்டால்.

செல்வி கொட்டாஞ்சேனையில் பை தைக்கிறவள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்து, கல்யாணம் கட்டி, அங்கேயே தங்கிவிட்டாள். தன்னைப் போல இன்னும் பதினொரு பெண்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூடப் பைகள் தைத்துக் கடைகளுக்குக் கொடுத்தாள். தையலில் ஒரு குறையும் இல்லை. துணி வெட்டுவதுதான் பிரச்சினை. தடித்த கன்வஸ் துணியைக் கத்திரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டவேண்டும். நான் முதல்முறை போனபோது பெருவிரலை நீட்டிக் காட்டினாள்.

"பாருங்க மிஸ், வெட்டி வெட்டி வெரலு மடங்க மாட்டேங்குது. மெஷின் ஒன்னு இருந்துச்சுன்னா நாப்பது துணிய ஒரே தடவையில வெட்டிரலாம். பெரிய ஆடர் எடுக்கலாம்."

மூடிக்கிடந்த ஒரு பேக்கரியின் பின் அறையைத் தருவதாக அதன் முதலாளி சொல்லியிருந்தார். மெஷின் வந்தால் அறை செல்விக்கு. பள்ளிக்கூடம் தொடங்குகிற சீசனுக்கு முன் வராவிட்டால் வேறு ஆளுக்கு. எங்கள் அமைப்பில் இப்படியான குழுக்களுக்கு உதவத்தான் ஒரு நிதி இருந்தது. நான் விண்ணப்பத்தை எழுதினேன். மெஷின் வாங்கித் தருவேன் என்று அவளிடம் வாக்கும் கொடுத்துவிட்டேன்.

ஆட்சிக்குழு கூட இன்னும் பத்து மாதம் இருந்தது. அதுவரை காத்திராமல் சின்ன முடிவுகளை எடுக்க ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெயர் மௌன நடைமுறை. முன்மொழிவைப் பதினொரு நாட்டுக்கும் அனுப்பவேண்டும். முப்பது நாள் ஒருவரும் வாய் திறக்காவிட்டால் அது நிறைவேறியதாகக் கணக்கு. யாராவது வாய் திறந்தால் அடுத்த வருடாந்தக் கூட்டத்துக்குப் போய்விடும். பதினேழாம் விதி இதைச் சொல்கிறது. எங்கள் நாடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. அவர்கள் எதற்கும் பதில் எழுதுவதில்லை.

நான் எழுதிய கடிதத்தை அவர் பென்சிலால் உழுது திருப்பித் தந்தார். திருத்தினேன். மறுபடி உழுதார். நாடுகளின் வரிசை பிழை, கமா அதிகம், பந்தி இலக்கம் இல்லை. மூன்றாவது முறையும் பதினாலு பதினைந்து இடத்தில் பென்சில். எனக்கு விசர் வந்துவிட்டது. அங்கே ஒருத்தியின் விரல் மடங்கவில்லை, இங்கே இவருக்குக் கமா. அடுத்தநாள் அவர் தகப்பனாரின் திவசத்துக்கு லீவில் நின்றார். நல்ல சந்தர்ப்பம் என்று, முதல் பக்கத்தில் இருந்ததை மட்டும் திருத்திவிட்டு, மற்றதைத் திரும்பிப் பார்க்காமல் கடிதத்தை அனுப்பிவிட்டேன். வந்து கேட்டபோது, "கடிதம் போயிட்டுது அக்கா" என்றேன். அவர் "ம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு நாட்களை எண்ணத் தொடங்கினேன். பத்து, பதினைந்து, இருபது. ஒரு நாடும் மூச்சு விடவில்லை. இருபத்தைந்தாம் நாள் செல்விக்குப் போன் பண்ணி, பேக்கரி அறையைக் கழுவி வை என்றேன்.

இருபத்தெட்டாம் நாள் ஒரு நாட்டின் அமைச்சிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மூன்றே வரி. தங்கள் கடிதம் கிடைத்தது, மிக்க நன்றி, தங்கள் முயற்சி சிறக்க வாழ்த்துகிறோம். அவர் அதை அச்செடுத்து, வந்த நேரத்தைப் பென்சிலால் குறித்து, என் மேசையில் வைத்தார்.

"மௌனம் கலைஞ்சுபோச்சு," என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்புத்தான் வந்தது.

"அக்கா, இது நன்றி. எதிர்ப்பில்லை."

"எதிர்ப்பு எண்டு விதியில எங்க இருக்கு? வாசியும்."

வாசித்தேன். 'முப்பது நாட்களுக்குள் எந்தவோர் உறுப்பு நாட்டிடமிருந்தும் முன்மொழிவு தொடர்பாக எழுத்துமூலம் எதுவும் கிடைக்காதவிடத்து' என்றிருந்தது.

"வாழ்த்தும் சொல்லியிருக்கினம் அக்கா."

"ஓம், நல்ல மனிசர். ஆனா சத்தம் சத்தம்தான்."

அப்போதிருந்த பணிப்பாளர் நாயகம் இளகிய மனிசர். பார்க்காத மாதிரி விட்டுவிடலாமே என்று அவரே வந்து கேட்டார். இவர் மறுத்துவிட்டார். இன்றைக்கு நன்றியைக் காணாமல் விட்டால் நாளைக்கு ஒரு கேள்வியைக் காணாமல் விடச் சொல்வார்கள், அதற்குப் பிறகு சின்ன நாடுகள் எழுதுவதற்கு ஒரு மரியாதையும் இருக்காது என்றார். அவரும் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். "உங்களுக்கு மனிசர் பெரிசில்லை அக்கா, புள்ளியும் கமாவும்தான் பெரிசு. அந்தப் பிள்ளைக்கு நான் என்னெண்டு போய் முகத்தைக் காட்டுறது?" அறைக்கு வெளியே நின்ற பியோன்கூடக் கேட்டிருப்பான். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தமாதிரி இருந்தது. பிறகு கோப்பை இழுத்து, மௌனம் கலைந்ததைப் பதிவு செய்யத் தொடங்கினார். ஒரு மாதம் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தின மாதிரியும் தெரியவில்லை. தினமும் காலையில் என் மேசைக்கு ஒரு தேநீர் அனுப்பினார், அவ்வளவுதான்.

செல்வியிடம் நேரே போய்ச் சொன்னேன். அறை கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்து வைத்திருந்தாள்.

"நன்றி சொன்னதுக்கா மிஸ் நிப்பாட்டுனாங்க?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் ஏதோ சொன்னேன். எனக்கே விளங்காததை அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

அறை போன் திருத்துகிற கடைக்குப் போனது. சீசனில் பெரிய ஓடர் எல்லாம் வேறு ஆட்களிடம் போனது. குழுவில் பாதிப்பேர் கார்மெண்டுக்குப் போய்விட்டார்கள். ஐந்தாறு மாதத்தில் செல்வியும் மருதானையில் ஓர் ஏஜென்சி மூலம் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். இரண்டு பிள்ளைகளையும் தன் அக்காவிடம் விட்டுவிட்டுப் போனாள். போகும்போது மிச்சம் ஆறு பேரை என்னிடம் ஒப்படைத்தாள்.

"அடுத்த கூட்டத்துல பாத்துக் குடுங்க மிஸ். நான் வந்து சேந்துக்கிறேன்."

அடுத்த கூட்டத்துக்கு முன் பணிப்பாளர் நாயகம் மாறினார். அகரவரிசையில் அடுத்த நாட்டுக்காரர் வந்தார். நல்ல உயரம், நல்ல கோட்டு, வந்த மாதமே ஒரு யோசனை. சிறுதொழில் நிதி முழுவதையும் எடுத்துத் தன் நாட்டுத் தலைநகரில் மூன்று நாள் கண்காட்சி வைக்கவேண்டும். ஆட்சிக்குழுவில் வைத்தால் சின்ன நாடுகள் குழப்புவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே மௌன நடைமுறை. எல்லோரும் வழக்கம்போலப் பேசாமல் இருப்பார்கள், முப்பது நாளில் நிதி கைக்கு வந்துவிடும். செல்வியின் மெஷினும் அதோடு சரி.

நான் அக்காவிடம் கெஞ்சினேன். "உங்கட ஆக்கள்தானே அக்கா எல்லா நாட்டிலயும். ஒருதருக்கு ஒரு போன் பண்ணி, மறுத்து எழுதுங்கோ எண்டு சொன்னால் என்ன?"

"நாங்கள் செயலகம். எங்களுக்கு வாயில்லை. நாடுகளுக்குத்தான் வாய்."

"அப்ப பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

"நான் கடிதம் எழுதவேணும். நீர் உம்மட வேலையைப் பாரும்."

அந்தக் கடிதத்தை அவரே எழுதி, அவரே அச்செடுத்து, பணிப்பாளர் நாயகத்தின் கையொப்பத்தோடு அனுப்பினார். எனக்கு ஒரு பிரதி வந்தது. ஒரு கமா பிழை இல்லை. கடைசியில் ஒரு வரி: இக்கடிதம் கிடைத்தமையைத் தயவுசெய்து அறியத்தரவும். எல்லா அலுவலகக் கடிதத்திலும் இருக்கிற வரிதான். நான் வாசித்துவிட்டுக் குப்பையில் போட்டேன்.

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. அதே நாடு, அதே நல்ல மனிசர். கடிதம் கிடைத்தது, மிக்க நன்றி, முயற்சி சிறக்க வாழ்த்துகிறோம்.

அக்கா அதை அச்செடுத்து, நேரத்தைக் குறித்து, செல்வியின் பழைய கோப்பையும் தூக்கிக்கொண்டு பணிப்பாளர் நாயகத்தின் அறைக்குப் போனார். விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். அந்தாள் முதலில் சிரித்தார், நான் அன்று சிரித்தமாதிரியே. இது வெறும் நன்றி, கண்ணை மூடிக்கொண்டு விடுங்கள் என்றார். அக்கா கோப்பைத் திறந்து, செல்வியின் மெஷினுக்கு எழுதிய பதிவைக் காட்டினார். போன முறை இதே நாடு இதே நன்றியைச் சொன்னது, செயலகம் அதைச் சத்தமாகத்தான் எடுத்தது, அந்தப் பதிவு பதினொரு நாட்டுக்கும் போனது, ஒருவரும் மறுக்கவில்லை என்று அமைதியான ஆங்கிலத்தில் சொன்னார். அந்தாள் பதினேழாம் விதியை மூன்று தரம் வாசித்தார். முகம் சிவந்தது. கண்காட்சி வருடாந்தக் கூட்டத்துக்குப் போனது.

கூட்டத்தில் ஏழு நாடுகள் கண்காட்சி வேண்டாம் என்றன. அடுத்த விடயமாக மெஷின் வந்தது. பத்து நிமிடத்தில் நிறைவேறியது. அன்று வேலை முடிந்து காலி வீதிச் சைவக்கடையில் உழுந்துவடை சாப்பிடும்போது கேட்டேன்.

"அந்தக் கடைசி வரியை வேணுமெண்டுதானே போட்டனீங்கள்?"

"கிடைச்சுதோ எண்டு கேக்கிறது ஒழுங்குதானே."

"அந்த மனிசன் நன்றி எழுதும் எண்டு தெரிஞ்சுதானே கேட்டனீங்கள்?"

"முந்தியும் ஒருக்கா அப்பிடி நடந்தது," என்றார். வடையைப் பிட்டுக்கொண்டே பில்லை எடுத்து, தேநீரின் விலை கூடப் போட்டிருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போட்டார். நான் வருவதற்கு முன் நடந்த ஏதோ பழைய கதை என்று நினைத்துக்கொண்டேன்.

மெஷின் கொட்டாஞ்சேனைக்கு வந்தது. ஆறு பெண்களும் அதைச் சுற்றி நின்று எடுத்த படத்தைச் செல்விக்கு அனுப்பினேன். இரவு பதில் வந்தது. 'நல்லா இருக்கு. நன்றி மிஸ்.' கூடவே இரண்டு கும்பிடும் கைகள்.

போன வருடம் அக்கா இளைப்பாறினார். பிரியாவிடை நிகழ்ச்சி நிரலில் தன்னுடைய ஏற்புரை மூன்றாவதாக வரக்கூடாது என்று திருத்திவிட்டுத்தான் போனார். இந்த மாதம் பழைய கோப்புகள் எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணச் சொன்னார்கள். அவருடைய அலுமாரி என் பங்குக்கு வந்தது. அதில் செல்வியின் கோப்பும் இருந்தது. உள்ளே நான் எழுதிய கடிதத்தின் மூன்றாவது பிரதி, அவருடைய பென்சிலோடு. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். அன்று நான் திருப்பாத பக்கம்.

கடைசியில் என் வரி: இக்கடிதம் கிடைத்தமையைத் தயவுசெய்து அறியத்தரவும். முன்பு வங்கியில் வேலை செய்த பழக்கத்தில் நானே போட்டது. அதை அவர் இரண்டு கோடு போட்டு வெட்டியிருந்தார். பக்கத்தில், பொடி எழுத்தில்: 'இது வேண்டாம். கேட்டால் எழுதுவினம்.'

பின்னால் நான் அனுப்பிய கடிதத்தின் பிரதி குத்தியிருந்தது. வெட்டச் சொன்ன வரி அதில் அப்படியே இருந்தது. அந்த நல்ல மனிசர் கேட்டதற்குத்தான் பதில் எழுதியிருக்கிறார். கேட்டது நான்.

 பிறகு போன் எடுத்தேன்.

"அக்கா, செல்வியின்ர கடிதத்தில கடைசி வரி நான் போட்டது. உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம். லீவால வந்தண்டே பிரதியைப் பார்த்தனான்."

"நான் அவ்வளவு பேசினனான். ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

 பின்னால் காலி வீதி பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

"சொன்னால் என்ன நடந்திருக்கும்? நன்றி வந்த கடிதம் திரும்பிப் போயிருக்குமோ? நீர் அந்தப் பிள்ளைக்கு முன்னால போய் நிக்கவேண்டி இருந்தது. என்னில கோவத்தோட போனபடியால் போனீர். உம்மில கோவத்தோட எண்டால் போயிருக்கமாட்டீர்." பிறகு, "அந்தக் கடிதத்தில திகதியும் பிழை, இப்பவாவது பார்த்தனீரோ?" என்றார்.

இந்த மனிசியை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நான்கு வருடம் என் ஏச்சைச் சுமந்துகொண்டு எனக்கு எதிரே இருந்து தேநீர் அனுப்பியிருக்கிறார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், உன் பிழையடி என்று மேசையில் அடித்துச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும்.

செல்வி இன்னும் குவைத்தில்தான் இருக்கிறாள். அவளுடைய 'நன்றி மிஸ்' என் போனில் அப்படியே கிடக்கிறது. இரண்டு கிழமையாக அவளுக்கு ஒரு பதில் எழுதி எழுதி அழிக்கிறேன். அறையை இழந்தது என்னால், நீ அங்கே போனதும் என்னால் என்று எழுதினால் அது அவளுக்கு ஆறுதலா, இன்னொரு பாரமா என்று தெரியவில்லை. கடைசியில் நேற்று ஒரு வெள்ளைத்தாளில் ஒன்பது வரி எழுதி, மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். நாளைக்கு வெள்ளவத்தைக்குப் போகிறேன். அக்கா பென்சில் வைக்கட்டும். இந்த முறை இரண்டாம் பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன்.